செகிரோவுக்கு ஈஸி மோட் கேட்பது தப்பா?

கேள்வி

செகிரோ என்கிற வாள்சண்டை வீடியோ கேமில் கெனிச்சிரோ என்கிற பாஸிடம் (பெரிய எதிரி) மூன்று வாரமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். பிள்ளை தூங்கிய பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் எனக்கு விளையாட்டு நேரம், அதில் பத்துப் பதினைந்து தடவை செத்துவிட்டு டிவியை அணைத்துப் படுத்தால் தூக்கமும் வருவதில்லை. 2019-ல் இந்த கேம் வந்தபோதே ஈஸி மோட், அதாவது கேமைச் சுலபமாக்குகிற வசதி, வேண்டுமா என்று பெரிய சண்டை நடந்தது. இதைப் பலமுறை முடித்த என் தம்பி, ஈஸி மோட் வைத்தால் செகிரோ செகிரோவாகவே இருக்காது என்கிறான். காசு கொடுத்து வாங்கியவன் மீதிக் கதையைப் பார்க்க வேண்டாமா என்று நான் கேட்கிறேன். ஒரு கேம் எவ்வளவு கஷ்டமாக இருக்கலாம்? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில் 1

தம்பி பக்கம்தான் நான். அதுவரை ஒளிந்து ஒளிந்து பின்னால் போய்க் குத்தியே வந்திருப்பீர்கள், கெனிச்சிரோவிடம் அது எடுபடாது. விலகி ஓடினால் அவனுடைய போஸ்சர் பார் (நிரம்பினால் அவன் நிலைகுலைகிற அளவுகோல்) மளமளவென்று இறங்கிவிடும், அதுவரை அடித்துச் சேர்த்ததெல்லாம் வீண். கிட்டவே நின்று, வாள் மேலே விழுகிற அந்தக் கணத்தில் தடுக்க வேண்டும். சரியாகத் தடுத்தால் சத்தமே வேறு மாதிரி கணீரென்று கேட்கும், காதை வைத்தே பழகலாம். சிவப்பு எழுத்து மின்னினால் அவன் குத்த வருகிறானா காலை வீச வருகிறானா என்று பாருங்கள்: குத்து என்றால் அவனை நோக்கியே பாய வேண்டும், வீச்சு என்றால் குதிக்க வேண்டும். படுகிற அடியைப் பாதியாக்கி ஒரு ஈஸி மோட் கொடுத்திருந்தால் இதில் எதையுமே கற்றுக்கொள்ளாமல் பட்டனைத் தட்டியே தாண்டியிருப்பீர்கள். அப்புறம் கடைசி பாஸ் இஷின் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

பதில் 2

ஈஸி மோட் என்றாலே அடியைக் குறைப்பது என்று ஏன் நினைக்க வேண்டும்? என் அக்காவுக்கு ஒரு விபத்துக்குப் பிறகு வலது கை விரல்கள் முன்போல வேகமாக மடங்காது. அவர் செலஸ்ட் விளையாடுகிறார். 2018-ல் வந்த, மலை ஏறுகிற கேம் அது, சாதாரணமாகவே நல்ல கஷ்டம். அதில் அசிஸ்ட் மோட் என்று ஒன்று உண்டு, கேமின் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாக ஐம்பது வரை இறக்கலாம். அக்கா எழுபதில் வைத்து ஆரம்பித்தார். அதே முள், அதே குதி, அதே வரிசை, எதுவும் மாறவில்லை, விரலுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம். ஒரே அறையில் அறுபது தடவைக்கு மேல் செத்து, கடைசியில் அந்தப் பக்கம் காலை வைத்தபோது கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கற்றுக்கொள்ளாமல் தாண்டினார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று, செகிரோவிலேயே அடித்தால் எதிரிகள் இன்னும் பலமாகிவிடுகிற மணி ஒன்று இருக்கிறது. கஷ்டத்தைக் கூட்ட வழி வைத்தவர்கள் குறைக்கவும் ஒன்று வைத்திருக்கலாம்.

பதில் 3

எனக்கு ஹேடீஸ் என்கிற கேம் செய்தது பிடித்தது. காட் மோடைப் போட்டால் முதலில் இருபது சதவீதம் அடி குறையும், அப்புறம் ஒவ்வொரு சாவுக்கும் இரண்டு சதவீதம் கூடி எண்பதில் நின்றுவிடும். தோற்கத் தோற்கத்தான் உதவி வரும், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் அணைத்துவிடலாம்.

ஆனால் எனக்குக் கடுப்பேற்றுவது வேறு. செகிரோவைச் செய்தவர்களின் பழைய கேமான டார்க் சோல்ஸில் பாஸிடம் செத்தால் சில இடங்களில் மறுபடி அவ்வளவு தூரம் ஓடி வர வேண்டும், வழியில் அதே ஆட்கள். அதில் திறமை எங்கே இருக்கிறது? நேரம்தான் போகிறது, உங்களைப் போல ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவருக்கு அதுவே பெரிய தண்டனை. 2022-ல் அவர்களே செய்த எல்டன் ரிங்கில் பல பாஸ்களுக்குப் பக்கத்திலேயே மரிகா சிலையை வைத்து அங்கிருந்தே எழ விட்டார்கள். அதனால் பாஸ் ஒன்றும் சுலபமாகிவிடவில்லை.

பதில் 1 எழுதியவர்

அக்கா விஷயத்தைப் படித்தேன். வேகத்தைக் குறைப்பதை நான் யோசித்ததே இல்லை. செகிரோவில் அப்படி ஒன்று வந்தால் எதிர்க்க மாட்டேன், தடுக்கிற பழக்கம் அப்போதும் வந்தாக வேண்டுமே. முதலில் போடும்போது செய்தவர்கள் நினைத்த வேகம்தான் வர வேண்டும், அதை மட்டும் விடமாட்டேன்.

கேள்வி கேட்டவர்

நேற்று ஓடாமல் கிட்டவே நின்று பார்த்தேன். முதல் முறையாக மூன்றாவது கட்டம் வரை போய்விட்டேன், சட்டையைக் கழற்றிவிட்டு மின்னலோடு வருகிறான், இரண்டே அடியில் செத்தேன். ஆனாலும் நன்றாகத் தூங்கினேன். வேகம் குறைக்கிற வசதி இருந்தால் நான் போட்டிருப்பேன், அதில் எனக்கு மாற்றமில்லை. சரி, அந்த மின்னலுக்கு என்ன செய்வது?

பதில் 1 எழுதியவர்

தரையில் நின்று வாங்காதீர்கள். அவன் மேலே எழும்பியதும் நீங்களும் குதியுங்கள், காற்றிலேயே மின்னலை வாங்கிக்கொண்டு கால் தரையில் படுவதற்குள் வாளை வீசுங்கள். மின்னல் அவனிடமே திரும்பிப் போகும்.