பொருளியல் ஆனர்ஸ்: விருப்பப்பாடம் கணிதமா, அரசியல் அறிவியலா?

மயூர் விஹார் வாசி:
டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸ் சேர்ந்திருக்கும் என் மகள், பிற துறை விருப்பப்பாடமாக அரசியல் அறிவியலை எடுக்க நினைக்கிறாள். முதுகலையும் படிக்க விரும்புவதால் கணிதமே உகந்ததா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முன்னாள் மாணவர்:
எங்கே முதுகலை என்பதைப் பொறுத்தது, ஐயா. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.எஸ்.கியூ.இ. (அளவுசார் பொருளியல் முதுகலைப் படிப்பு) நுழைவுத்தேர்வில் பொருளியலோடு கணிதமும் கேட்கிறார்கள். கட்டுப்பாட்டுக்குள் ஓர் அளவின் உச்சத்தைக் கண்டுபிடிக்கும் லக்ராஞ்சு முறையை மனப்பாடமாகப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால், நுகர்வோரின் வருமானம் சற்றே உயர்ந்தால் அவர் அடையும் உச்சப் பயன்பாடு (நுகர்வால் கிடைக்கும் திருப்தி) எவ்வளவு கூடும் என்பதையே அந்த முறையில் வரும் பெருக்கி என்ற எண் சொல்கிறது என்று விளங்க, நுண்கணிதம் கைவசம் இருக்க வேண்டும். பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் வழியே ஆராயும் பொருளாதார அளவியலுக்கு நேரியல் இயற்கணிதமும் தேவைப்படும்.

கரோல் பாக் ஆசிரியை:
முதல் பருவத்திலேயே நுண்பொருளியலுடன் கணித முறைகளும் புள்ளியியலும் முதன்மைப் பாடங்களாக இருக்கின்றன. அதற்குமேலும் கணிதத்தைச் சுமத்துவது, பள்ளியில் கணிதத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளைகளுக்கு வீண் பாரம் என்பது என் கருத்து. 2022இல் வந்த பாடத்திட்டத்தில் நான்காம் ஆண்டும் இருப்பதால் அவசரமில்லை. இப்போது அரசியல் அறிவியலைப் படித்துவிட்டு, அடுத்த பருவத்தில் இயற்கணிதத்துக்கு மாறட்டும்.

மயூர் விஹார் வாசி:
நன்றி. அடுத்த பருவத்தில் கல்லூரி எந்தக் கணிதத் தாளை நடத்தும் என்று முதலில் விசாரிக்கிறோம்.