வீரப்பனை ஏன் தருமபுரி தலையில் கட்டுகிறீர்கள்?

பென்னாகரத்தான்:
நேற்று ஒரு காணொளி பார்த்து எரிச்சலாகிவிட்டது. 'தருமபுரி மண்ணில் பிறந்து வளர்ந்த வீரப்பன்' என்று ஒருவர் ஆரம்பிக்கிறார், பின்னால் ஒகேனக்கல் அருவி கொட்டுகிறது. யார் சொன்னது உங்களுக்கு? அவர் பிறந்தது கோபிநத்தம். காவிரிக்கு அந்தக் கரை, கர்நாடகம். நம் மாவட்டத்தில் நடந்தது சாவு மட்டும்தான். 2004 அக்டோபர் 18 இரவு, கண் சிகிச்சைக்கென்று ஆம்புலன்சில் ஏற்றி வந்து, பாப்பாரப்பட்டி பக்கம் அதிரடிப்படை சுட்டது. ஒருவர் நம் ஊரில் செத்தால் நம் ஊர்க்காரர் ஆகிவிடுவாரா? சுப்பிரமணிய சிவா 1925-இல் காலமானதும் அதே பாப்பாரப்பட்டியில்தான். அவர் எங்கள் மண்ணின் பெருமை. அவரைப் பற்றிக் காணொளி போட ஒருவருக்கும் நேரமில்லை.

காவிரிக்கரையான்:
ஆரம்பமே தப்பு அண்ணா. வீரப்பன் பிறந்தது 1952. அப்போது கோபிநத்தம் கர்நாடகமா? கொள்ளேகால் தாலுகா முழுக்க கோயம்புத்தூர் மாவட்டம், சென்னை ராஜ்ஜியம். 1956 நவம்பர் 1-இல்தான் மைசூருக்குப் போனது. ஆகவே அவர் பிறந்தது தமிழ் மண்ணில்.

அப்புறம் சுப்பிரமணிய சிவா பிறந்தது வத்தலக்குண்டு. இங்கே செத்ததால்தானே அவரை 'எங்கள் மண்' என்கிறீர்கள்? ஒரே பத்தியில் இரண்டு நியாயமா?

பென்னாகரத்தான்:
கோபிநத்தம் கர்நாடகம். இன்றைக்கு அங்கே பஞ்சாயத்து, போலீஸ், ரேஷன் எல்லாம் எந்த அரசு? 1956 கதையை வரலாற்று வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்குப்படியே போனாலும் 1952-இல் தருமபுரி மாவட்டமே கிடையாது. சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. அப்படியானால் வீரப்பன் கோயம்புத்தூர்க்காரர். போய் அவர்களிடம் சொல்லுங்கள், மாலை போடுவார்கள்.

சிவா தேசத்துக்காகச் சிறை போனவர். அவரையும் இவரையும் ஒரே தட்டில் வைக்கிற ஆளோடு நான் என்ன பேசுவது? போன மாதம் ஒகேனக்கல் மீன் விவாதத்திலும் இவர் இப்படித்தான்.

காவிரிக்கரையான்:
மீனை ஏன் இழுக்கிறீர்கள்? நான் கேட்டது 1956.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
நாங்கள் 2004 பிப்ரவரி 9-ஆம் தேதியே தனி மாவட்டமாகிவிட்டோம். சுட்டது அக்டோபரில். எங்கள் கணக்கு சுத்தம். நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள் 😀

பென்னாகரத்தான்:
வந்துவிட்டார். மாம்பழப் பெருமையெல்லாம் உங்களுக்கு, கெட்ட பேர் மட்டும் எங்களுக்கா? முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிற பேச்சா இது?

மேட்டூர்_அணை:
புதைத்தது எங்கள் பக்கம், மூலக்காடு. அதை யாருமே சொல்லவில்லையே! 1993 ஏப்ரல் 9 பாலாறு குண்டுவெடிப்பில் 22 பேர் செத்தார்கள். அதை விட்டுவிட்டு ஊர் எதென்று சண்டை.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
பாலாறு என்றால் வாணியம்பாடி பாலாறா? அங்கே எப்போது குண்டு வெடித்தது?

மேட்டூர்_அணை:
அது வேறு பாலாறு சாமி. இது மாதேஸ்வரன் மலை போகிற வழியில், மேட்டூர் பக்கம் காவிரியில் சேருகிற பாலாறு. இதுகூடத் தெரியாமல் கருத்துச் சொல்ல வந்துவிடுகிறார்கள்.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
கேள்வி கேட்டால் குற்றமா? ஒரே பேரில் இரண்டு ஆறு இருந்தால் நான் என்ன செய்ய?

பென்னாகரத்தான்:
ஆறெல்லாம் இருக்கட்டும். கோபிநத்தம் கர்நாடகம், அதில் மாற்றமில்லை. 1991 நவம்பரில் கொல்லப்பட்ட வன அதிகாரி சீனிவாஸ் எந்த மாநிலத்து அதிகாரி? கர்நாடகம். கோபிநத்தத்தில் அவர் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது. அந்த ஊர் மக்கள் அவரைத்தான் கும்பிடுகிறார்கள். நடிகர் ராஜ்குமாரை 2000 ஜூலை 30-இல் கடத்தியது தாளவாடி பக்கம் காஜனூரில். அது ஈரோடு மாவட்டம். 108 நாள் நாடே அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஈரோட்டை யாராவது வீரப்பன் ஊர் என்றார்களா? மஞ்சள் சந்தை என்றுதான் சொல்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இந்த முத்திரை? ஏனென்றால் கேட்க ஆளில்லை. நான் கேட்கிறேன்.

காவிரிக்கரையான்:
கோபிநத்தத்தில் வீட்டுக்குள் பேசுவது என்ன மொழி, அதைச் சொல்லுங்கள் முதலில். ஒகேனக்கலில் பரிசல் ஏறினால் அக்கரை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவு உண்டு. கோடு போட்டது டெல்லிக்காரன். 1956-க்குப் பதில் வரவில்லை.

அரூர்_அக்கா:
நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சந்தனக்கட்டைக் கடத்தல் என்றால் வீரப்பன் மட்டும்தானா? வாச்சாத்தி எந்த மாவட்டம் என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லையே. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சித்தேரி மலையடிவாரத்து ஊரில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து புகுந்தன. 18 பெண்களுக்கு நடந்தது தெரியும்தானே? குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் செத்தே போனார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாவட்டத்தின் பேர் கெட்டது யாரால்?

பென்னாகரத்தான்:
அக்கா, மரியாதையாகச் சொல்கிறேன், அது வேறு விஷயம். தனியாக எழுதுங்கள், நானே முதலில் வந்து ஆதரிக்கிறேன். இங்கே பேச்சு கோபிநத்தம்.

அரூர்_அக்கா:
மூன்று வருஷமாக 'தனியாக எழுதுங்கள்' என்றுதான் சொல்கிறாய் தம்பி. எழுதினால் நீ வருவதில்லை. சாராயக்கடை விவாதத்துக்கு மட்டும் ஓடி வருகிறாய்.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
அக்கா 🔥

பென்னாகரத்தான்:
கிருஷ்ணகிரிக்காரருக்கு நெருப்புப் போட மட்டும் தெரியும். சரி, கடைசியாகச் சொல்கிறேன். பிறந்தது கர்நாடகம், புதைத்தது சேலம் மாவட்டம். மேட்டூர்க்காரர் அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். நடுவில் ஓர் இரவு பாப்பாரப்பட்டி. அவ்வளவுதான் எங்கள் பங்கு.

மேட்டூர்_அணை:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. புதைத்த இடம் சொன்னேன். என் வாயில் வார்த்தையைப் போடாதீர்கள்.

காவிரிக்கரையான்:
ஓர் இரவா? பென்னாகரம் காட்டில் எத்தனை வருஷம் அதிரடிப்படை முகாம் போட்டது, சும்மா மான் பார்க்கவா? கொள்ளேகால், 1956, நவம்பர் 1. சிவா, வத்தலக்குண்டு. இரண்டுக்கும் பதில் பாக்கி.

பென்னாகரத்தான்:
கோபிநத்தம் கர்நாடகம். முகாம் கர்நாடகத்திலும்தான் போட்டார்கள். சிவாவைப் பற்றி இன்னொரு தரம் எழுதினால் நிர்வாகியிடம் புகார் கொடுப்பேன்.

காவிரிக்கரையான்:
கொடுங்கள். புகாரில் 1956-ஐயும் சேர்த்து எழுதுங்கள்.