பின்பக்க ஏர் ஷாக்கில் காற்று நிற்கவில்லை: வேலூர் நண்பர்கள் உதவவும்

வணக்கம். என் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பின் பின்பக்கத்தில், காற்றடித்து உயரம் கூட்டும் ஷாக் அப்சார்பர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி வால்வு. மாலையில் 80 பி.எஸ்.ஐ. அடித்தால் காலையில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.

சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். வால்வில் ஒன்றுமில்லை. ரப்பர் உறையிலும் கிழிசல் இல்லை. நைலான் குழாய் ஷாக்கில் நுழையும் இடத்தில் மட்டும் பொடிப்பொடியாக நுரை கிளம்புகிறது. அங்கே காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தேய்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. பட்டறையிலோ ஜோடியாக மாற்றச் சொல்கிறார்கள். ஒரு ரப்பர் வளையத்துக்காக இரண்டு ஷாக்கா?

குழாய் முனையை நேராக வெட்டி, புது ஓ-ரிங் போட்டுச் செருகினால் போதுமா? காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் லாரி ஏர் பிரேக் பழுதுபார்ப்பவர்களிடம் அந்த அளவில் கிடைக்குமா? சுமையோடு ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் ஏற வேண்டியிருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.