இறால் ரப்பராகிறது, பட்டாணி நிறம் மங்குகிறது: எங்கே தவறு?

ஏழரைமணி (கேள்வி)

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே மணி ஏழரை. எட்டுக்குள் தட்டு வரவில்லையென்றால் என் மகள் பிஸ்கெட் டப்பாவைத் திறந்துவிடுவாள். அதற்கப்புறம் சாப்பாட்டுப் பேச்சே எடுபடாது. சீக்கிரம் வேகும் என்று நம்பி, ஒரு மாதமாக இறாலோடும், தோலுடன் தின்னும் ஸ்னாப் பட்டாணியோடும் மல்லுக்கட்டுகிறேன்.

உறைந்த இறாலைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்குகிறேன். வாணலியில் எண்ணெய், பூண்டு, இறால், பட்டாணி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, எலுமிச்சை பிழிந்து, மூடிபோட்டு எட்டு நிமிடம். திறந்தால் அடியில் கால் டம்ளர் தண்ணீர், அதில் சுருண்டு மிதக்கும் இறால், காக்கிச் சட்டை நிறத்தில் பட்டாணி. நேற்று மகள் ஓர் இறாலை வெகுநேரம் மென்றுவிட்டு, “இதை விழுங்கத்தான் வேண்டுமா அம்மா?” என்று கேட்டாள். பட்டாணியிலிருந்து நூல் வேறு பல்லில் சிக்குகிறது. என்னதான் செய்வது?

கரிவாணலி

எட்டு நிமிடமா! அந்த இறால் என்ன பாவம் செய்தது? நடுத்தர அளவு இறாலுக்குப் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். ஆங்கில ‘C’ எழுத்துப்போல் வளைந்தால் வெந்துவிட்டது என்று பொருள். தலையும் வாலும் தொட்டு வட்டமாகிவிட்டால் நேரம் கடந்துவிட்டது.

சுடுதண்ணீரை மறந்துவிடுங்கள். வெளிப்புறம் வேகத் தொடங்கும், உள்ளே பனிக்கட்டி அப்படியே இருக்கும். உறையில் போட்டு இறுகக் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். நீங்கள் முகம் கழுவி உடை மாற்றி வருவதற்குள் இளகியிருக்கும். பிறகு துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். முக்கியமான வேலை இதுதான். தண்ணீர் நிற்கிற வரை அது 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறாது. நீங்கள் வறுப்பதாக நினைத்துக்கொண்டு அவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வாணலி நன்றாகக் காய்ந்ததும் இறாலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். இடமில்லையென்றால் இரண்டு தடவையாக. வெந்ததும் தட்டுக்கு மாற்றிவிட்டு, அதே வாணலியில் பட்டாணி. கடைசி அரை நிமிடத்தில் பூண்டு. முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். இறாலைத் திரும்பக் கொட்டி ஒரு புரட்டு, அடுப்பை அணையுங்கள்.

பச்சைக்கொடி

பட்டாணியின் பச்சையைக் கெடுப்பது எலுமிச்சையும் மூடியும். பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கிறது. சூட்டில் அமிலம் பட்டால் அது வெளியேறிக் காக்கி நிறம் வந்துவிடும். காயிலேயே சிறிது அமிலம் உண்டு, மூடினால் அது ஆவியோடு வெளியே போகாது. எனவே திறந்தே வதக்குங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எலுமிச்சையைத் தட்டில் பிழியுங்கள்.

நார் இரண்டு ஓரத்திலும் இருக்கும். காம்பு நுனியைக் கிள்ளி, ஒடித்துவிடாமல் கீழ்நோக்கி இழுத்தால் ஒரே இழையாக வரும். மறுமுனையிலிருந்து இன்னொன்று. நாரில்லாத ரகங்களும் இருக்கின்றன, கிடைத்தால் வேலை மிச்சம். (கேட்காத தகவல் ஒன்று: தடித்த தோலோடு உண்ணும் ‘சுகர் ஸ்னாப்’ ரகத்தைக் கால்வின் லாம்பார்ன் உருவாக்கினார், அது 1979இல்தான் விற்பனைக்கு வந்தது. பட்டாணி வகையில் இது நேற்றுப் பிறந்த குழந்தை.)

உப்புக்கல்

அரைக் கிலோ இறாலுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு. பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கூடுவதால் சதை நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், கடித்தால் ‘நறுக்’கென்று இருக்கும்.

கரிவாணலி

சோடா கொஞ்சம் கூடினாலும் சோப்பு வாடை. நேரத்துக்கு இறக்கத் தெரிந்தவருக்கு அது எதற்கு?

உப்புக்கல்

கைபேசியில் பேசிக்கொண்டே சமைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு, ஐயா.

ஏழரைமணி

இன்று செய்து பார்த்தேன். சோடா போடவில்லை, பயமாக இருந்தது. முதல் தடவை ஆசைப்பட்டு எல்லா இறாலையும் ஒன்றாகக் கொட்டிவிட்டேன், மறுபடி தண்ணீர். மீதியை எடுத்துவைத்துவிட்டு ஏழெட்டு மட்டும் போட்டபோது சுர்ரென்ற சத்தமே வேறாக இருந்தது; ஓரமெல்லாம் பொன்னிறம்.

நார் உரிக்கும் வேலையை மகளிடம் கொடுத்தேன். இருபது காய் கொடுத்ததில் ஏழைப் பச்சையாகவே தின்றுவிட்டாள். வாணலிக்குப் போனது பதின்மூன்று.