அரசு அலுவலகத்தில் கான்ட்ராக்ட் வேலை: கைக்கு வந்த சம்பளம் எவ்வளவு?

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஏஜென்சி மூலமாக மூன்று வருஷம் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தேன். மாதாமாதம் ஏஜென்சி தரும் பில்லை கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் என் வேலைதான். அதனால் துப்புரவு வேலை பார்த்த பன்னிரண்டு பேருக்கும் என்ன சம்பளம் போகிறது என்பது எனக்கு மனப்பாடம். குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் காகிதத்தில் சரியாக இருக்கும். வங்கிக் கணக்கிலும் முழுத் தொகை ஏறியிருக்கும்.

ஒருநாள் எங்கள் மாடியைப் பெருக்கும் அக்கா பஸ்ஸுக்கு இருபது ரூபாய் கேட்டார். சம்பளம் வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. என்னக்கா என்றேன். "ஏ.டி.எம்.ல எடுத்து சூப்பர்வைசர் கையில ரெண்டாயிரம் குடுத்தாத்தான் பாப்பா, அடுத்த மாசம் நம்ம பேரு இருக்கும்" என்றார். பன்னிரண்டு பேரும் கொடுக்கிறார்களாம். சாயங்காலம் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் வாடகை கட்டுகிறார்.

எனக்கு ஆறவே இல்லை. அதே அலுவலகத்தில் கடைநிலை நிரந்தரப் பணியாளரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் அப்போது 18,000 ரூபாய். மத்திய அரசு ஊழியர் சம்பளத்தைப் பரிந்துரைக்கும் ஏழாவது ஊதியக் குழு அதைச் சும்மா நிர்ணயிக்கவில்லை. 1957 இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த கணக்கு அது: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி. படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது 1991இல் உச்ச நீதிமன்றம். அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகள்தான்.

மேலதிகாரியிடம் சொன்னேன். "அது ஏஜென்சி விஷயம்மா" என்று முடித்துவிட்டார். ஏஜென்சி கூலியைக் குறைத்தால் மீதியைத் தர வேண்டியது வேலை வாங்கும் துறை என்று 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்ததை அப்போது நான் அறியவில்லை. அறிந்திருந்தால் எழுத்தில் கொடுத்திருப்பேன். உங்களில் யாராவது இப்படித் துறையிடம் கேட்டுப் பறிபோன பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கிறீர்களா?

மறுமொழி 1
நான் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் இரவுக் காவல். எங்களுக்கு அடி விழுந்தது பி.எஃப்.பில். சம்பளத்தில் பிடித்தார்கள், ஒன்பது மாதம் கட்டவில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டேன். துறை எங்களுக்காக ஏஜென்சிக்குக் கொடுத்த தொகை மாதவாரியாக வந்தது. அதை வைத்து பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். ஐந்து மாதப் பணம் ஏறியது, பாக்கிக்கு இன்னும் நடக்கிறோம். அக்காவிடம் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2
சம வேலைக்குச் சம ஊதியம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பை நம்பி நாங்களும் போனோம். அது அரசே நேரடியாக நியமித்த தற்காலிகப் பணியாளர்களின் வழக்கு. ஏஜென்சி ஆட்களான எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே "உங்கள் முதலாளி யார்?" அடையாள அட்டையில் ஏஜென்சி பெயர், லீவு கேட்டு நிற்பதோ துறை அதிகாரியின் முன்னால். என்ன பதில் சொல்வது?

பதிவிட்டவர்
மறுமொழி 1 அண்ணாவுக்கு நன்றி. அக்காவுக்கு இப்போதுதான் போன் செய்தேன். பி.எஃப். கணக்கைப் பார்க்கத் தேவைப்படும் யு.ஏ.என். நம்பர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆதார் அட்டையோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.