பழைய கிடங்கை மாற்றிய லாஃப்ட் வீடு: அக்ரிமென்ட் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி (மேல்தளம்_14):

நகரத்தின் பழைய பகுதியில் நூறாண்டு தாண்டிய சரக்குக் கிடங்கு ஒன்றைச் சொகுசு வீடுகளாக மாற்றியிருக்கிறார்கள். அதில் மேல்தள லாஃப்ட் (சாமான் போடும் பரண் அல்ல, கூரை உயர்ந்த திறந்த வீடு) ஒன்றை இரண்டு ஆண்டுக்கு வாடகைக்கு எடுக்க யோசனை. 1,000 சதுர அடி, கூரை உயரம் 14 அடி, பூச்சில்லாத செங்கல் சுவர், கூரையில் மர உத்தரங்கள். மேற்கு பார்த்து நான்கு இரும்புச் சட்ட ஜன்னல்கள், ஒவ்வொன்றும் 8-க்கு 10 அடி. படுக்கைக்கு ஓர் இடைத்தளம், அதாவது அதே அறைக்குள் பாதி உயரத்தில் கட்டிய தளம். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

சாதாரண ஃபிளாட்டில் பார்க்கும் குழாய், கழிவறை, பூட்டு எல்லாம் தெரியும். லாஃப்ட் என்பதற்காகத் தனியாக எதைச் சோதிக்க வேண்டும்? எதை எழுத்தில் வாங்க வேண்டும்?

பதில் 1 (வெயில்கணக்கு):

முதலில் அந்த மேற்கு ஜன்னல்கள். வீட்டைப் பார்க்கக் காலையில் கூப்பிட்டால் போகாதீர்கள், மாலை 4 மணிக்குப் போங்கள்.

கணக்கு இதுதான். 8-க்கு 10 அடி ஜன்னல் ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர். மேற்குச் சூரியன் நேராக விழும்போது ஒற்றைக் கண்ணாடி வழியாகச் சதுர மீட்டருக்கு 500 வாட் உள்ளே வந்தால், ஒரு ஜன்னலுக்கே 3.7 கிலோவாட். ஒரு டன் ஏசியின் திறன் சுமார் 3.5 கிலோவாட். ஆக, நான்கு ஜன்னல்களும் திறந்த வெயிலில் இருந்தால் கண்ணாடிக்கு மட்டுமே நான்கு டன் தேவை. சதுர அடியை வைத்து "ஒன்றரை டன் போதும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

உள்பக்கத் திரை போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது, வெப்பம் கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. வெளிப்பக்கம் மறைப்பு போடுவதுதான் சரி, ஆனால் பாரம்பரியக் கட்டடத்தில் முகப்பின் தோற்றத்தை மாற்ற அனுமதி கிடைப்பது கடினம். வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டலாம் என்பார்கள். அது வெப்பத்தைக் கண்ணாடியிலேயே தேக்குவதால் பழைய கண்ணாடியும் கம்பி வலை பதித்த கண்ணாடியும் விரிசல் விடக்கூடும். ஓனரின் எழுத்து சம்மதம் இல்லாமல் ஒட்ட வேண்டாம்.

ஏசியின் வெளி யூனிட் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். முகப்பில் மாட்ட முடியாததால் மொட்டை மாடியிலோ பின் முற்றத்திலோதான் இருக்கும். அந்த இடம் உங்கள் வீட்டுக்கென ஒதுக்கப்பட்டதா என்பது அக்ரிமென்டில் இருக்கட்டும்.

நீங்கள் மேல்தளம் என்பதால் கூரையும் முக்கியம். அடியிலிருந்து மரப்பலகை தெரிகிறது என்றால், வெப்பக் காப்பு அதற்கு மேலேதான் போட்டிருக்க வேண்டும். போட்டிருக்கிறார்களா, எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். கையடக்க இன்ஃப்ராரெட் வெப்பமானி கிடைத்தால் அதே மாலையில் கூரையைக் குறிபார்த்து அளவெடுங்கள். நல்ல காப்பு இருந்தால் கூரையின் அடிப்பரப்பு அறைக் காற்றைவிட ஓரிரு டிகிரிதான் கூடியிருக்கும்.

ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பல தடவை பெயின்ட் அடித்ததில் ஒட்டிக்கொண்டு, திறக்கவே திறக்காதவை நிறைய. இரும்புச் சட்டத்தின் அடிக்கட்டையைத் தடவுங்கள். துரு பிடித்த இரும்பு உப்பும், உப்பும் இரும்பு கண்ணாடியை நெருக்கி உடைக்கும். மூலையிலிருந்து கிளம்பும் விரிசல் இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பதில் 2 (காரைப்பூச்சு):

வெயிலைப் பற்றி மேலே சொன்னது சரி. சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலி லாஃப்டின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். 14 அடி உயரத்தில் உங்கள் வீட்டின் கன அளவு 14,000 கன அடி. செங்கல், கண்ணாடி, மரத்தரை எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பு 250 சதுர அடிக்குச் சமம் என்று வைத்தால், 0.049 × 14,000 ÷ 250 (0.049 இந்தக் கணக்கின் மாறா எண்), அதாவது சத்தம் அடங்க 2.7 விநாடி எதிரொலி. சாமான்கள் நிறைந்த சாதாரண அறையில் இது அரை விநாடி அளவுதான். 1 விநாடிக்குக் குறைக்கவே கிட்டத்தட்ட 690 சதுர அடி உறிஞ்சு பரப்பு வேண்டும். ஒரு கம்பளம் போட்டால் தீராது. அடியில் மெத்தை விரிப்புடன் பெரிய கம்பளம், தரைவரை தொங்கும் கனத்த திரை, புத்தகம் நிறைந்த திறந்த அலமாரி, துணி உறையிட்ட சோபா எல்லாம் சேர்ந்தால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

வெளிச்சத்தம் வேறு விஷயம். பழைய பகுதி என்றால் இரவு 11 மணிக்குப் பிறகும் கீழே கடைகள் திறந்திருக்கலாம். வார இறுதி இரவில் ஒரு தடவை போய் நில்லுங்கள். ஒற்றைக் கண்ணாடிக்கு உள்பக்கம் 100 முதல் 150 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டாவது ஜன்னல் போடுவதுதான் நல்ல தீர்வு. முகப்பைத் தொடாததால் அனுமதியும் பொதுவாக எளிது. காந்தப் பட்டையில் ஒட்டும் அக்ரிலிக் தகடும் உண்டு, காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.

செங்கல் சுவருக்கு வருகிறேன். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அது ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். புதுப்பிக்கும்போது யாராவது செங்கல்களுக்கு இடையிலான மூட்டுகளைச் சிமென்டால் அடைத்திருந்தால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும், செங்கலின் முகம் பொடிப்பொடியாக உதிரும். வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, ஜன்னலுக்குக் கீழே ஓதம் ஏறியிருக்கிறதா என்று டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மணல் உதிர்ந்தால் தினமும் தூசிதான். அதற்காக நீங்களே வார்னிஷ் மாதிரி எதையாவது பூசிவிடாதீர்கள், ஈரம் உள்ளேயே சிக்கிவிடும்.

படம் மாட்ட ஆணி அடிக்க வேண்டுமென்றால் மூட்டில் அடியுங்கள், செங்கலில் வேண்டாம். மூட்டைத் திரும்ப நிரப்பலாம், செங்கலை ஒட்ட முடியாது.

பதில் 3 (திருகாணி):

மூட்டு பற்றி ஒரு திருத்தம். சின்னப் படத்துக்குச் சரி, டிவிக்கும் அலமாரிக்கும் சரியில்லை. சுண்ணாம்புக் காரை மென்மையானது, ராவல் பிளக் (திருகாணியைப் பிடிக்கத் துளையில் செருகும் உறை) பிடிக்காது, பாரம் ஏறியதும் இளகி வந்துவிடும். கனமான எதையும் சுவரில் மாட்டாமல் தரையில் நிற்கும் ஸ்டாண்டில் வையுங்கள். காரை சற்று உள்வாங்கியிருந்தால் செங்கலின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பும் போதும், துளையே வேண்டாம். துளைத்தே ஆக வேண்டுமென்றால் ஓனரின் அனுமதியோடு, டிரில்லின் ஹேமர் முறையை அணைத்துவிட்டுத் துளையுங்கள்.

மேல்தளம்_14:

மிக்க நன்றி. இடைத்தளத்தைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? விளம்பரத்தில் அதையும் ஒரு படுக்கையறையாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பதில் 4 (அளவுநாடா):

அளவுநாடாவோடு போங்கள். மேலே 7 அடி, கீழே 7 அடி, நடுவில் தளத்தின் கனம் 9 அங்குலம் என்றால் 14 அடி 9 அங்குலம் வேண்டும். உங்களிடம் 14 அடிதான், அதுவும் உத்தரத்தின் அடியிலிருந்து அளந்தால் இன்னும் குறையும். எங்கோ ஒரு பக்கம் தலை இடிக்கும். உத்தரம் கட்டிலுக்கு நேர் மேலே வந்தால், எழுந்து உட்காரும்போது எவ்வளவு இடம் என்று பாருங்கள்.

நின்று நடமாட முடியாத தளத்தைப் படுக்கையறையாகக் கணக்கிட்டு வாடகை பேசுவதை நான் ஏற்க மாட்டேன். சதுர அடியில் அதைச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு, தனியாகக் கழித்துப் பேசுங்கள்.

சூடான காற்று மேலேறும் என்பதால் வீட்டில் மிகவும் புழுங்கும் இடம் அதுதான். கூரை விசிறி இருந்தால் நீண்ட கம்பியில் இறக்கியிருப்பார்கள். இடைத்தளத்தின் விளிம்பில் நின்று கை நீட்டினால் இறக்கை எட்டக் கூடாது.

கைப்பிடி நெஞ்சுக்குக் கீழே, இடுப்புக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, குழந்தையின் தலை சிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தீ. புகை முதலில் சேருவது கூரையில், நீங்கள் தூங்குவதும் அங்கேதான். இடைத்தளத்துக்கு மேலே கூரையிலேயே புகை அலாரம் இருக்க வேண்டும், கீழே சமையலறையில் ஒன்று இருந்தால் போதாது. படிக்கட்டு அடுப்புக்குப் பக்கத்தில் இறங்கினால் அந்த இடத்தில் படுக்காதீர்கள், வேறு வழி இல்லாமல் போய்விடும்.

கூரையில் ஸ்பிரிங்க்ளர் குழாய் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிப்பது) ஓடுகிறதா? அதன் தெளிப்பு முனையில் சின்னக் கண்ணாடிக் குமிழ் தெரியும், சிவப்பு என்றால் 68 டிகிரி செல்சியஸில் உடைந்து தண்ணீர் பீய்ச்சும். அதற்குக் கீழே 18 அங்குலம் காலியாக விடுங்கள். குழாய் அழகாக இருக்கிறது என்று துணி மாட்டுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

பதில் 5 (வெயில்கணக்கு):

எழுத்தில் வாங்க வேண்டியவை, மேலே வராதவை மட்டும்:

சாரம். பழைய முகப்பைப் பழுது பார்க்கத் தொடங்கினால் மாதக்கணக்கில் சாரமும் வலையும் ஜன்னலை மூடும். வெளிச்சத்துக்காகத்தான் இந்த வாடகை. திட்டமிட்ட வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டு, சாரம் நிற்கும் மாதங்களுக்கு வாடகைக் குறைப்பையும் எழுதுங்கள்.

உயரமான ஜன்னல்களின் வெளிப்பக்கத்தை யார் துடைப்பது, 14 அடி உயர விளக்கை யார் மாற்றுவது. இரண்டுக்கும் ஆளும் ஏணியும் வேண்டும்.

குடியேறும் நாளிலேயே ஒவ்வொரு ஓதக் கறையையும் கண்ணாடி விரிசலையும் தேதியோடு படமெடுத்து இணைப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் அட்வான்ஸில் கழிப்பார்கள்.

சோபா வாங்கும் முன் சரக்கு லிஃப்டின் கதவு அகலம், உள்ளே மூலைவிட்ட நீளம், இடைத்தளப் படிக்கட்டின் அகலம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மெத்தை சுருட்டி வருவதாக இருக்கட்டும், கட்டில் பிரித்து மாட்டுவதாக இருக்கட்டும்.

மேல்தளம்_14:

சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன், அன்று இரவு 11 மணிக்குத் தெருவிலும் போய் நிற்கிறேன். இடைத்தளத்தைக் கழித்து வாடகை பேசிவிட்டு எழுதுகிறேன்.