லேடிபவர் நீர்த்தேக்கம்: சின்னப் பையனோடு போகலாமா?

கேள்வி: அடுத்த மாதம் இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம். பக்கத்தில் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் இருக்கும் லேடிபவரைப் பார்க்க ரொம்ப நாள் ஆசை. பையனுக்கு ஐந்து வயது, அதிகம் நடக்க மாட்டான். எங்கே நின்று பார்த்தால் நன்றாக இருக்கும்?

பதில் 1: தாராளமாகப் போங்கள். ஏரியின் வடக்கு முனையில் ஃபேர்ஹோம்ஸ் கார் பார்க்கிங்கில் காரை நிறுத்தினால், லேடிபவருக்கு மேலே இருக்கும் டெர்வென்ட் அணை பக்கம்தான். 1916இல் முடித்த கல் அணை, இரண்டு பக்கமும் கோட்டை மாதிரி கோபுரம், அந்த அணையின் ஏரி நிரம்பியிருந்தால் முகப்பு முழுக்கத் தண்ணீர் வெள்ளையாக வழியும், அந்தச் சத்தத்தை விட்டுப் பையன் நகர மாட்டான். 1943இல் ஜெர்மன் அணைகளைத் தாக்கும் முன் பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் படைப்பிரிவு தாழப் பறந்து பழகிய இடங்களில் இதுவும் ஒன்று.

பதில் 2: நல்ல மழைக்குப் பிறகென்றால் லேடிபவர் அணையையும் விட்டுவிடாதீர்கள். உபரி நீர் இறங்க இரண்டு பெரிய வட்டக் குழிகள், கல் படிப்படியாக உள்ளே போகும், சுற்றிலும் இருந்து தண்ணீர் அதில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பதில் 3: லேடிபவர் ஏரிக்காக ஆஷாப்டன், டெர்வென்ட் என்று இரண்டு ஊர்களையே மூழ்கடித்தார்கள், அதையும் பையனுக்குச் சொல்லுங்கள். 2018 வறட்சியில் டெர்வென்ட் ஊரின் இடிபாடுகள் வெளியே தெரிந்தன. தண்ணீர் வற்றியிருந்தால் மட்டும் சேற்றில் இறங்கவே கூடாது, கால் புதைந்துவிடும். அப்புறம், சனி ஞாயிறு என்றால் காலையிலேயே போய்விடுங்கள், பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும்.